களைப்பை அளந்த கதை



நாம் வாழும் அம்பாங், உழைத்துக் களைத்த உடல்களால் உருவான ஊர். 1857-இல் சீனத் தொழிலாளர்கள் ஆற்று வழியே வந்து இங்கே ஈயம் தோண்டத் தொடங்கினார்கள். பின்னாளில் சிலாங்கூர்த் தோட்டங்களில் நம் முன்னோர் பால்மரம் வெட்டினார்கள். என் அம்மாவும் பால் வெட்டியவர்தான். விடியுமுன் போய், பால் வாளிகளைச் சுமந்து திரும்பி, எங்களுக்குச் சோறு போடும்போது அவர் கை நடுங்கும். அப்படி உழைத்தவரை ஒருவர் "சோம்பேறி" என்று ஏசியதையும் சிறுவயதில் கேட்டிருக்கிறேன்.

களைப்பும் சோம்பலும் ஒன்றா? களைப்பை அளக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடிய அறிஞர்களின் வரலாற்றைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

தசைக்கும் மின்சாரத்துக்கும் தொடர்புண்டு என்பதை இத்தாலியரான கல்வானி தவளைக் கால்களைக் கொண்டு ஆராய்ந்து, 1791-இல் வெளியிட்டார். மனிதன் தானாகக் கையை மடக்கும்போதும் தசையில் மின்சாரம் எழுகிறது என்பதை, 1849-இல் ஜெர்மானிய அறிஞர் டுபுவா ரேமண்ட் கருவி வைத்துக் காட்டினார்.

வலிமை குறைவதை அளந்தவர் தூரின் நகரத்து அஞ்சலோ மோசோ. அவருடைய கருவியில் கையை அசையாமல் கட்டிவிடுவார்கள். நடுவிரலில் கயிற்றால் ஓர் எடையைத் தொங்கவிடுவார்கள். தாளம் தவறாமல் விரலை மடக்கி எடையைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு தூக்கலையும் ஒரு முள் கோடாக வரையும். கோடுகள் வரவரக் குட்டையாகி, கடைசியில் நின்றுவிடும். களைப்பு காகிதத்தில் தெரிந்தது!

அவருடைய ஆய்வுக்கூடத்தில் மாஜோரா என்பவர் கண்டது இன்னும் முக்கியமானது. முப்பது முறை தூக்கி முற்றும் களைத்த விரல் தேற இரண்டு மணி நேரம் ஆயிற்று. பதினைந்து முறையோடு நிறுத்தினால் அரைமணி ஓய்வே போதுமானதாக இருந்தது. வேலை பாதி; ஓய்வோ கால்பங்கு! களைத்த பின்னும் செய்யும் வேலைதான் உடலை மிகவும் வாட்டுகிறது. மோசோ 1891-இல் களைப்பைப் பற்றி எழுதிய நூலில், சிசிலியின் கந்தகச் சுரங்கங்களில் சுமை தூக்கிய சிறுவர்களின் துயரத்தையும் பதிவு செய்தார்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்விரண்டு வழிகளும் ஒன்று சேர்ந்தன. இப்போது தோலின்மேல் சிறு தகடுகளை ஒட்டியே தசையின் மின்சாரத்தைப் பதிய முடிகிறது. ஒரே சுமையைத் தொடர்ந்து தாங்கும்போது தசை நார்கள் சில தளர்கின்றன. உடனே மூளை வேறு நார்களையும் வேலைக்கு அழைக்கிறது. அதனால் மின் அலைகள் பெரிதாகின்றன. ஆனால் அவற்றின் வேகம் குறைகிறது. முழு மூச்சாக இழுத்தாலும் முன்பிருந்த வலிமை வருவதில்லை. சுமை கூடவில்லை, ஆனால் அதைத் தாங்க உடல் படும் பாடு கூடிவிட்டது. கை நடுங்குவதற்கும் இக்களைப்பே காரணம். அம்மாவின் கையும் இதைத்தான் சொல்லியது.

நேயர்களே, நீண்ட கம்பில் பூட்டிய அரிவாளால் செம்பனைக் குலை அறுப்பவரின் தோளுக்கும் இது பொருந்தும். நம் நாட்டில் 1994-இல் வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், இயன்றவரை தொழிலாளரின் நலம் காப்பது முதலாளியின் கடமை என்கிறது. நம் கடமையும் ஒன்றுண்டு. முற்றும் களைக்குமுன் சற்று உட்காருங்கள். வேலை முடிந்து வரும் தாயின் கையிலுள்ள வாளியைப் பிள்ளைகளே, ஓடிப்போய் வாங்குங்கள். ஓய்வு என்பது சோம்பல் அன்று. நாளைய உழைப்புக்கு நாம் போடும் உரம்.