மெரினாவில் கடலைத் தொட்டியில் வைத்த கதை

பாகூர்ப் பக்கம் மூர்த்திக்குப்பத்திலோ மணப்பட்டிலோ விடிகாலையில் கரையில் நின்றால் வஞ்சிரம், பாரை, சங்கரா எல்லாம் பார்க்கலாம். ஆனால் அதெல்லாம் தண்ணீரை விட்டு வந்த மீன். கடலுக்குள் அது எப்படி இரை பிடிக்கிறது, எங்கே பதுங்குகிறது என்பதை வலை சொல்லாது. உயிரியல் ஆராய்ச்சியாளர்களுக்கும் ஒரு காலத்தில் இதே சிக்கல்தான்: ஆராயக் கிடைத்தவை பெரும்பாலும் சாராய ஜாடியில் ஊறிய உடல்கள்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் கடற்கரையில் ஆன்டன் டோர்ன் என்ற ஜெர்மானியர் இதற்கு வழி கண்டார். மேலே ஆய்வுக்கூடம், கீழ்த்தளத்தில் பொதுமக்களுக்கு மீன் காட்சியகம். 1874இல் திறந்த அந்தக் காட்சியகத்தின் டிக்கெட் காசு ஆராய்ச்சிக்கு உதவியது. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அறிவியலுக்குப் படியளந்தார்கள்.

நம் பக்கம் அந்த வேலையைத் தொடங்கியவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளால் இன்று நாம் அறியும் அதே தர்ஸ்டன்தான். 1885 முதல் மெட்ராஸ் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த அவர், ராமேசுவரம், தூத்துக்குடிக் கடலில் முத்துப் படுகைகளையும் கடலுயிர்களையும் ஆராய்ந்தவர். அவர் நடத்திய எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஊரார் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. அந்த நிர்வாகத்தின் கீழேயே, அவர் வகுத்த திட்டத்தின்படி, உயிருள்ள கடல்மீன்களுக்கு மெரினாவில் ஒரு காட்சியகம் எழுந்தது. அது மக்களுக்குத் திறந்த 1909ஆம் ஆண்டில்தான் அந்த ஏழு தொகுதிகளும் வெளிவந்தன. அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜே.ஆர். ஹெண்டர்சனும் நண்டினங்களை ஆராய்ந்த விலங்கியலாளர்.

கடல்நீரை மொண்டு தொட்டியில் ஊற்றிவிட்டால் மீன் பிழைக்காது. நீரை மணலில் வடிகட்ட வேண்டும், காற்று ஊத வேண்டும், கழிவிலிருந்து சேரும் அம்மோனியாவை அகற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூவம், அடையாற்று வெள்ளம் கலந்து கரையோரக் கடல் கலங்கும், உப்பும் குறையும். மெட்ராஸ் கரையில் மீன் வளர்ப்பதற்கு அந்தக் கடலின் குணம் தெரிந்தாக வேண்டும்.

1919இல் காட்சியகம் மீன்வளத் துறையிடம் போனது. ஊருக்குச் சோறு போடும் தொழிலோடு அது சேர்ந்தது அப்போதுதான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது மூடப்பட்டது.

ஆனால் வேலை நிற்கவில்லை. 1947இல் மெட்ராஸில் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949இல் ராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபத்துக்குப் போனது. 1971இல் தலைமையகம் கொச்சிக்கு மாறினாலும் மண்டபத்தில் ஆராய்ச்சி தொடர்கிறது. பொதுமக்கள் பார்க்க மீன் காட்சியகமும் உண்டு. 2010இல் அங்கே, பிடித்து வளர்த்த கடல்விராலுக்கு ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைத்து, குஞ்சும் பொரிக்கச் செய்தார்கள். இந்தியாவில் அதுவே முதல் முறை. கடலில் கூண்டு கட்டிக் கடல்விரால் வளர்க்க நினைக்கும் மீனவருக்கு இனி குஞ்சுக்காக வலை வீச வேண்டியதில்லை. மீனை உயிரோடு வைத்துப் பார்க்கத் தெரிந்ததன் பலன் அது.