ஹார்வர்ட் அமெரிக்கக் கால்பந்து அணி

தமிழ் இருக்கையால் தமிழர்களுக்கு நெருக்கமான ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் அணி. பெயர் ‘கிரிம்சன்’, சீருடையும் கருஞ்சிவப்பே. 1874 மே மாதம் ஹார்வர்ட் அமைந்துள்ள கேம்பிரிட்ஜில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தோடு அடுத்தடுத்த நாள்களில் இரண்டு ஆட்டங்கள் நடந்தன. முதல் நாள் ஹார்வர்டின் விதிகள், மறுநாள் ரக்பி விதிகள். ரக்பி முறை ஹார்வர்ட் மாணவர்களுக்குப் பிடித்துப்போக, அமெரிக்கக் கால்பந்தின் போக்கே திரும்பியது. 1875இல் யேல் பல்கலைக்கழகத்துடன் முதல் மோதல், வெற்றி ஹார்வர்டுக்கு.

1903இல் ஹார்வர்டின் கான்கிரீட் அரங்கம் எழுந்தது. 1905இல் அமெரிக்கக் கால்பந்துக் களங்களில் மாணவர்கள் மாண்டதால், ஆடுகளத்தை அகலமாக்கி நெரிசலைக் குறைக்கும் யோசனை வந்தது. இந்த அரங்கில் அதற்கு இடமில்லை. 1906இல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1920 ரோஸ் பவுல் ஆட்டத்தில் ஓரிகன் அணியை ஹார்வர்ட் 7–6 என வென்றது.

அணியின் உச்சம் 1968 நவம்பர் 23தான். அந்தப் பருவத்தில் அதுவரை தோல்வியே காணாத இரு அணிகள் மோதின. யேல் 29–13 என முன்னிலை. கடைசி 42 விநாடிகளில் 16 புள்ளிகள் குவித்து ஹார்வர்ட் சமன் செய்தது. மாணவர் நாளிதழ் அதை வெற்றியென்றே தலைப்பிட்டது. அந்த உற்சாகம் நியாயமானதே. பின்னாளில் நடிகராகப் புகழ்பெற்ற டாமி லீ ஜோன்ஸ் அன்று ஹார்வர்டின் முன்வரிசையில் ஆடினார்.