உப்புத்தாள் அழித்த மூன்றாம் எண்



போன மாதம் நான் போட்ட பழைய அலமாரியின் படத்துக்குக் கீழே நிறையக் கேள்விகள் வந்திருந்தன. "எங்கே வாங்கினீர்கள் சார்?", "பெயின்ட் அடிக்கலாமா, பாலிஷ் போடலாமா?", "எங்க வீட்டு ஐயா காலத்து மேசையை என்ன செய்யலாம் மாமா?" ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். என்னிடம் நாற்பது நிமிடப் பீரியட் உட்கார்ந்து பழகியவர்கள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் நான் செய்த ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பேத்தியின் புத்தகங்களை அடுக்கக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் அந்த அலமாரியை வாங்கினேன். மேலே இரண்டு கதவு, கீழே நான்கு இழுப்பறை. முழுக்கப் பழுப்பு நிற எனாமல் பூசியிருந்தது. ஓரத்தில் பெயர்ந்த இடத்தில் தேக்கு தெரிந்தது. தேக்கு மரத்துக்குத் தேக்கு நிறத்தில் பெயின்ட் அடித்த புண்ணியவான் யாரோ! நானே சுரண்டிவிடலாம் என்று மச்சினன் மகனிடமிருந்து தேய்ப்பு மெஷினை வாங்கி வந்தேன். மூன்றாவது இழுப்பறைதான் அழுக்கு அதிகம். அதை முதலில் எடுத்து உள்ளும் புறமும் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் கீல் சரிசெய்ய வந்த ஆசாரி மற்ற இழுப்பறைகளை வெளியே இழுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொன்றின் பின்பலகையிலும் கறுப்பு மையில் தமிழ் எண். ௧, அதன் கீழே "சிட்டை". ௨, அதன் கீழே "ரசீது". ௪, அதன் கீழே "கடுதாசி". "மூணாவது எங்க சார்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. மூன்றாவது என் கையில் வழவழவென்று இருந்தது.

வகுப்பில் நான் அடிக்கடி சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். நம் ஊர்க் கோயில்களில் கற்சுவரைச் சுத்தம் செய்கிறோம் என்று மணல் வீச்சு செய்ததில் எத்தனையோ கல்வெட்டுகள் தேய்ந்து போயின. அதைப் பற்றி எவ்வளவு கோபமாகப் பேசியிருப்பேன்! அதே காரியத்தை என் வீட்டு வாசலில் நானே செய்துவிட்டேன். அந்த வணிக வீட்டில் மூன்றாவது இழுப்பறையில் என்ன வைத்திருந்தார்கள் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

இந்த உறுத்தலில்தான் அந்த அலமாரி என்னிடம் வந்து சேர்ந்த பாதையைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். 'அலமாரி' போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. 'மேசை'யும் அப்படியே. அலமாரியைத் திறக்கும் 'சாவி'யும் அவர்கள் கொடுத்ததுதான். 'பீரோ' பிரெஞ்சுக்காரர்களுடையது. இலங்கையில் இருக்கும் என் உறவினர்கள் சொல்லும் 'கதிரை'யும் போர்ச்சுக்கீசியமே. நாற்காலிக்கு மட்டும் நாம் காலை எண்ணிப் பெயர் வைத்தோம். பாயும் பெட்டகமும் ஊஞ்சலும் இருந்த வீட்டுக்குள் இந்தச் சாமான்கள் கடல்வழி வணிகத்தோடு வந்தன என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அடுத்தது மரம். பர்மாத் தேக்கு என்று பெருமையாகச் சொல்கிறோம். அது எப்படி வந்தது தெரியுமா? பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் காட்டில் நிற்கும்போதே அடிமரத்தைச் சுற்றி வளையமாக வெட்டிவிடுவார்கள். மரம் நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்ந்துவிடும். பிறகு வீழ்த்தி, யானைகளைக் கொண்டு ஓடைக்கு இழுப்பார்கள். மழைக்காலத்து வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். பெரிய ஆற்றில் தெப்பமாகக் கட்டி ஐராவதி வழியே ரங்கூனுக்கு. அங்கிருந்து கப்பல்.

இந்த மரத்துக்காக ஓர் அரசே கவிழ்ந்தது. 1885இல் பம்பாய் பர்மா வணிகக் கழகம் என்ற ஆங்கிலேய நிறுவனம் வெட்டிய மரங்களைக் குறைத்துக் கணக்குக் காட்டியதாகச் சொல்லி, பர்மிய அரசவை 23 லட்ச ரூபாய் அபராதம் விதித்தது. பிரெஞ்சுக்காரர்கள் பர்மாவில் காலூன்றிவிடுவார்களோ என்ற அச்சத்தில் இருந்த ஆங்கிலேயருக்கு இது நல்ல சாக்காகக் கிடைத்தது. நவம்பரில் படை நுழைந்தது. மாத முடிவுக்குள் மாண்டலே வீழ்ந்தது. திபா மன்னரைக் குடும்பத்தோடு மேற்குக் கரையில் உள்ள ரத்னகிரிக்கு நாடுகடத்தினார்கள். 1916இல் அங்கேயே இறந்தார். பத்தாம் வகுப்பில் 'மூன்றாம் ஆங்கிலேய-பர்மியப் போர், 1885' என்று ஒரு வரியில் படித்தீர்களே, அதற்குள் இருப்பது இந்த மரம்தான்.

அந்தப் பர்மாவில்தான் நம் நகரத்தார் வட்டிக்கடை நடத்தினார்கள். கீழ் பர்மாவின் நெல் விவசாயம் பெருகியதில் அவர்கள் கொடுத்த கடனுக்குப் பெரிய பங்கு உண்டு. லாபம் செட்டிநாட்டில் வீடாக எழுந்தது. பர்மாத் தேக்கில் தூண், நிலை, கதவு. அந்த வீட்டுக்குள் அலமாரி, மேசை, சாய்வு நாற்காலி.

பிறகு 1930களின் பெருமந்தம். நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை. பணத்துக்குப் பதிலாக நிலம் கைக்கு வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார்களின் நிலம் 1938இல் 25 சதவீதம் ஆனது. பர்மிய விவசாயிக்கு அது எப்படி வலித்திருக்கும் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். வரலாற்றில் நம்மவர் பக்கம் மட்டும் நின்று பார்க்கக் கூடாது என்று சொல்லித்தானே வளர்த்தேன். 1942இல் ஜப்பானியர் வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு ஓடினர். பலர் காட்டுவழியே அசாமுக்கு நடந்து வந்தனர். வழியில் இறந்தவர்கள் ஏராளம். 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம். 1962இல் ராணுவ ஆட்சி வந்த பிறகு மிச்சமிருந்த கடைகளும் போயின.

அங்கே வருமானம் நின்றதும் இங்கே வீடுகள் தளர்ந்தன. வாரிசுகள் பெருகினார்கள், பாகப்பிரிவினையில் வீட்டைப் பிரிக்க முடியாமல் சாமானைப் பிரித்தார்கள். தூணும் கதவும்கூடக் கழன்று வண்டி ஏறின. அந்தச் சாமான்கள் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்றுதான் முனீஸ்வரன் கோவில் தெரு. இன்று அங்கே போனால் எனாமல் தட்டு, பீங்கான் ஜாடி, கண்ணாடி போட்ட சாமி படம், மரப்பாச்சி எல்லாம் கிடைக்கும். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து பிரிந்து வந்ததுதான்.

இனி பெயின்டுக்கு வருவோம். என் அலமாரியில் மூன்று அடுக்கு இருந்தது. மேலே பழுப்பு, நடுவில் சந்தன நிறம், அடியில் பச்சை. பச்சைக்கும் கீழே, மரத்தை ஒட்டி, தேன் நிறத்தில் மெல்லிய படலம். அதுதான் பழைய அரக்குப் பாலிஷ். புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளையில் வாழும் சின்னஞ்சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பந்தில் தோய்த்து, மெல்லிய பூச்சாகப் பல தடவை தேய்ப்பார்கள். உலகத்துக்கே அரக்கு அனுப்பிய நாடு நம்முடையது. ராஞ்சி அருகே 1924இல் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார்கள். பழைய 78 சுற்று கிராமபோன் தட்டும் அரக்கால் செய்ததுதான். கூடத்தில் அலமாரியும் பாட்டும் ஒரே பூச்சியின் உழைப்பில் மின்னின என்று சொல்லலாம்.

அரக்கு அழகு. ஆனால் சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும், தண்ணீர் பட்டால் மங்கும். அவ்வப்போது பாலிஷ்காரரை அழைக்க வேண்டும். வருமானம் குறைந்த வீடும், சாமானை ஏலத்தில் எடுத்த அலுவலகமும் விடுதியும் இதற்கு எங்கே போகும்? அப்போது கை கொடுத்தது எனாமல் பெயின்ட். 1902இல் ஹவுரா பக்கம் ஷாலிமார் தொழிற்சாலை வந்தது. 1942இல் பம்பாயில் நான்கு நண்பர்கள் ஏஷியன் பெயின்ட்ஸைத் தொடங்கினார்கள். 1954இல் ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த கட்டு என்ற குறும்புப் பையன் பெயின்ட் டப்பாவும் பிரஷுமாக அந்த நிறுவனத்தின் சின்னமானான். ஒரு டப்பா வாங்கினால் வீட்டுக்காரரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அடித்து முடித்துவிடலாம். ஆகவே பெயின்ட் அடித்தவரை ரசனை இல்லாதவர் என்று நான் முதலில் கேலி செய்தது தவறு. கையில் இருந்த காசுக்கு மரத்தைக் காப்பாற்ற அவர் செய்த வழி அது. அந்த மூன்று அடுக்கு இல்லாவிட்டால் அலமாரி என் காலம்வரை வந்திருக்காது.

இதில் நான் கற்றது ஒன்று. பெயின்ட் மறைக்கத்தான் செய்யும், உப்புத்தாள் அழித்துவிடும். இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கிறோம் என்று சுரண்டித் தள்ளியதைப் பார்த்துப் பொறுக்காமல் வில்லியம் மோரிஸும் நண்பர்களும் 1877இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதற்கு வைத்த செல்லப் பெயரே 'சுரண்டல் எதிர்ப்பு'. அதைப் பாடமாகச் சொன்னவன் நான். என்ன பிரயோஜனம்!

உங்கள் கேள்விகளுக்கு இப்போது நேராகப் பதில் சொல்கிறேன்.

பழைய சாமான் வாங்கினால் முதலில் திருப்பிப் பாருங்கள். அடிப்பாகம், பின்பலகை, இழுப்பறையின் உட்புறம் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். ஈரத்துணியால் துடைத்துவிட்டு நான்கு நாள் சும்மா இருங்கள்.

பழைய பூச்சு எது என்று அறிய, மறைவான இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேயுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. அதைச் சுரண்ட வேண்டாம். அதன் மேலேயே புது அரக்கு ஏற்றலாம்.

பழைய பெயின்டை உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. அதில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்குப் பத்து லட்சத்தில் 90 பங்கு என்ற வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நான் மெஷின் ஓட்டியபோது பேத்தி பக்கத்தில் நின்றாள். மருமகள் திட்டியது நியாயம். திறந்தவெளியில், கையுறை போட்டு, பெயின்ட் ரிமூவர் தடவி, இளகியதும் மழுங்கிய தகட்டால் எடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகில் வேண்டாம். வழித்ததைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள்.

நிறம் அடிக்கலாமா என்றால், தாராளமாக அடிக்கலாம். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. அதனால் ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு பூச்சு அரக்கு போட்டு, அது காய்ந்த பிறகு பெயின்ட் அடியுங்கள். கறையும் மேலே வராது. நாளைக்கு வேறொருவர் எடுக்க நினைத்தாலும் மரம் காயப்படாது. உட்புறத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் கதவும் சட்டமும் அரக்கில் மின்னுகின்றன. இழுப்பறை முகப்புகளுக்குப் பேத்தி ஆசைப்பட்டபடி நீலம் அடித்தாயிற்று. மூன்றாவதின் பின்பலகையில் புதிதாக ௩ எழுதிவிடலாம் என்றார் ஆசாரி. மனம் ஒப்பவில்லை; அது கள்ள ஆவணம் ஆகிவிடும். ஒரு தாளில், "இங்கே ஓர் எண்ணும் ஒரு சொல்லும் இருந்தன. அவற்றை அழித்தவன் நான்" என்று எழுதித் தேதியும் கையெழுத்தும் போட்டு அந்த இழுப்பறைக்குள் வைத்திருக்கிறேன். "தாத்தா, உங்களுக்கே இம்போசிஷனா?" என்று கேட்டாள் பேத்தி. ஆமாம் என்றேன்.

உங்கள் வீட்டுப் பரணில், மாட்டுக்கொட்டகையில் ஏதாவது கிடந்தால் இன்றைக்கே திருப்பிப் பாருங்கள். எழுத்து ஏதும் இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று ஆசிரியர்