மெரினா

லத்தீனில் 'மாரே' என்றால் கடல். அதன் வழி வந்த இத்தாலியச் சொல் 'மரீனா': கடலோரம். காப்ரித் தீவின் படகுத்துறைக்கு இன்றும் 'மரீனா கிராந்தே' என்றே பெயர். சிசிலியிலுள்ள பலெர்மோவின் கடலோர உலாச்சாலையும் மரீனாதான். அந்தச் சிசிலி நினைவில்தான் ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் சென்னைக் கடற்கரைக்கு இப்பெயரைச் சூட்டினார். படகுத்துறை இல்லாவிட்டாலும், பழைய பொருளில் நம்முடையதே சரியான மெரினா.

உல்லாசப் படகுகளின் துறை என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பிறந்து, மத்தியதரைக் கடலுக்கே திரும்பிவந்தது. அங்குள்ள நெரிசலான மெரினாக்களில் பக்கவாட்டில் அணைய இடம் கிடைப்பது அரிது. நம் மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்முனையில் நங்கூரத்தை இறக்கி, பின்னோக்கி மெல்ல நகர்ந்து, பின்புறத்தைக் கரையோடு கட்டுகிறார்கள். இருபுறமும் அடுத்தவர் படகு, கையெட்டும் தூரத்தில்.