பனியில் புதைந்த அஞ்சலகம்

அஞ்சல் தலை சேர்ப்போர் பலர்; முத்திரை விழுந்த உறையை முழுமையாகப் பேணுவோர் சிலரே. அவர்கள் பெரிதும் விழைவன துருவ நாட்டு உறைகள்.

1984 பிப்ரவரி 24-இல், அண்டார்க்டிகாவின் தட்சிண கங்கோத்திரி நிலையத்தில் பாரத நாட்டு அஞ்சலகம் திறக்கப்பெற்றது. முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 10,000 கடிதங்கள் அங்கே முத்திரை பெற்றன. உறையைக் கோவாவுக்கு அனுப்பினால், ஆண்டுதோறும் செல்லும் ஆய்வுக் குழுவினர் எடுத்துச் சென்று முத்திரையிட்டுக் கொணர்வர். பொறுமைதான் இதற்கு முதல்! நிலையத்தைப் பனி மூடவே, 1990-இல் அவ்வஞ்சலகம் மூடப்பெற்று, பணி மைத்ரி நிலையத்திற்கு மாறிற்று. 2024-இல் பாரதி நிலையமும் ஓர் அஞ்சலகம் பெற்றது. ஆயினும், தட்சிண கங்கோத்திரி முத்திரை இனிக் கிடைப்பதன்று. அதனாலேயே அவ்வுறைகளைப் பொன்னெனப் போற்றுகின்றனர்.

பொன் விளைந்த கோலார் தங்கவயலிலும் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பெற்றன. சுரங்கம் இயங்கிய நாளில் சாம்பியன் ரீப், ஊர்காம், மாரிகுப்பம் முத்திரைகளோடு வடஆர்க்காட்டுச் சிற்றூர்களுக்குச் சென்ற நம்மவர் கடிதங்கள் எத்தனை! சம்பளச் செய்தியும் பிள்ளைப்பேற்றுச் செய்தியும் சுமந்தவை அவை. கடிதத்தைப் பெட்டியில் வைத்து, உறையை அடுப்பிலிடுவது நம் வீட்டு வழக்கம். எழுதியவர் நாள் குறிக்க மறந்திருப்பார்; நாளும் ஊரும் பதிந்திருந்தது அந்த உறையின்மேல்தான்.