இறந்த நிலமும் யஃகூபின் மண்வெட்டியும்



ஃபிக்ஹு நூல்களில் வணிகம், வாடகை, கூட்டு வியாபாரம் ஆகிய பாடங்களுக்கிடையே ‘இஹ்யாவுல் மவாத்’ என்றொரு பாடம் உண்டு. இறந்த நிலத்தை உயிர்ப்பித்தல் என்பது அதன் பொருள். எவருக்கும் உரிமையில்லாத தரிசைப் பண்படுத்தியவருக்கே அதில் முதல் உரிமை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியை இமாம் புகாரீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்களும் அவ்வாறே தீர்ப்பளித்தார்கள். கல் நட்டு எல்லையை வளைத்துவிட்டு மூன்றாண்டுகள் நிலத்தை வெறுமனே போட்டு வைத்தவருக்கு அதில் உரிமையில்லை என்பதும் அவர்களின் தீர்ப்பே. வேலி போட்டவனுக்கு அன்று, வியர்வை சிந்தியவனுக்கே நிலம்.

இப்பாடத்தின் உயிருள்ள விளக்கம் ஒன்று நம் காலத்திலேயே மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்தேறியது. புர்கினா ஃபாஸோ என்று இன்று அழைக்கப்படும் நாடு 1984 வரை அப்பர் வோல்ட்டா எனப் பெயர் பெற்றிருந்தது. அதன் வடபகுதியான யாத்தெங்கா, சஹாரா பாலைக்குத் தெற்கே நீளும் ஸாஹெல் வறண்ட வட்டாரத்தைச் சேர்ந்தது. 1968 முதல் 1973 வரை அங்கு நிலவிய வறட்சியில் கால்நடைகள் மடிந்தன. குடும்பம் குடும்பமாக மக்கள் தெற்கு நோக்கி வெளியேறினர். மேல்மண்ணை நீரும் காற்றும் கொண்டு சென்றுவிட, எஞ்சிய நிலம் சூளையில் வெந்த ஓடு போல் இறுகிற்று. பெய்த சிறு மழையும் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடி மறைந்தது. மழை குறைந்தது ஒரு துன்பம். வந்த மழையை நிலம் ஏற்க மறுத்தது அதனினும் பெருந்துன்பம்.

அவ்வட்டாரத்தின் வாஹிகூயா நகரையடுத்த கூர்கா என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர் யாக்கூபா ஸவடோகோ. நம் வழக்கில் யஃகூப். சிறு வயதில் அண்டை நாடான மாலியில் குர்ஆன் பாடசாலையில் பயின்றவர். பின்னர்ச் சந்தையில் மோட்டார் சைக்கிள் உதிரி பாகங்கள் விற்றார். வியாபாரம் நன்றாகவே நடந்தது. ஆயினும் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் கடையைத் துறந்து, எல்லோரும் கைவிட்டு ஓடிய மண்ணுக்குத் திரும்பினார்.

அவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை. ‘ஸாய்’ என்பது அம்மக்களின் முன்னோர் கையாண்ட குழி முறை. அதிகாலையில் எழுந்து நிலத்தைப் பண்படுத்த விரைதல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது என்பர். (தம் சமுதாயத்தின் அதிகாலைப் பொழுதில் பரக்கத்தை வேண்டி நபியவர்கள் துஆச் செய்ததை இங்கு நினையாமல் இருக்க முடியவில்லை.) யஃகூப் குழிகளை இன்னும் அகலமாகவும் ஆழமாகவும் தோண்டினார். ஒவ்வொன்றிலும் எருவும் இலைச் சருகும் இட்டார். மழை வந்த பிறகு அன்று, கொளுத்தும் கோடையிலேயே தோண்டினார். ஊரார் அவரைப் பித்தர் என்றனர்.

எருவின் மணத்திற்குக் கறையான்கள் வந்தன. நாம் வீட்டில் கண்டால் மருந்தடித்துக் கொல்லும் அதே இனந்தான். இரும்புக் கம்பியும் எளிதில் இறங்காத அந்த ஓட்டு மண்ணை அவை குடைந்து சிறு சிறு சுரங்கங்கள் அமைத்தன. எருவை மட்கச் செய்து பயிருக்கு உணவாக்கின. முதல் மழை பெய்ததும் நீர் குழியில் நின்று, அச்சுரங்கங்களின் வழியே ஆழத்திற்கு இறங்கியது. குழிக்குள் விதைத்த சோளமும் கம்பும், மழை இடையில் சில வாரங்கள் பொய்த்தபோதும் வாடவில்லை. ஒரு ஹெக்டேருக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழிகள் வேண்டும். அத்தனையும் கையால் வெட்டியாக வேண்டும். எருவுக்கு ஆடுமாடு இல்லாத ஏழைக்கும், உழைக்க ஆள் இல்லாத வீட்டுக்கும் இது எளிதன்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் கல் வரிசைகளும் வைக்கப்பட்டன. மட்டம் பார்க்க, நம் கொத்தனார்கள் பிடிப்பது போன்ற நீர் நிரப்பிய குழாயே போதுமானதாயிற்று. ஓடும் நீரின் வேகத்தைக் கற்கள் தணித்தன, வண்டல் படிந்தது. எருவோடு கலந்து வந்த விதைகளிலிருந்து மரக்கன்றுகள் முளைத்தபோது யஃகூப் அவற்றைக் களையென்று பிடுங்கவில்லை. வளரவிட்டார்; பின்னர்த் தாமே விதைகளைத் தேடிச் சேர்த்து நட்டார். ஒருமுறை அவரது தோப்புக்குத் தீ வைத்தனர். மீண்டும் நட்டார். முடிவில் ஏறத்தாழ 40 ஹெக்டேரில், 60க்கும் மேற்பட்ட வகை மரஞ்செடிகள் கொண்ட காடு எழுந்தது.

1984 முதல் ஆண்டுக்கு இருமுறை தம் நிலத்திலேயே விவசாயிகளைக் கூட்டி, விதைகளையும் அனுபவத்தையும் பகிரச் செய்தார். 1989இல் நைஜர் நாட்டின் இல்லேலா பகுதியிலிருந்து 13 விவசாயிகள் யாத்தெங்காவுக்கு வந்து இம்முறையைக் கண்டு சென்றனர். அங்கே எவரும் சீந்தாதிருந்த கட்டாந்தரைக்கு இதன் பின்னர் விலை பேசப்படலாயிற்று.

விலை ஏறினால் உரிமை கேட்போரும் வருவர். யஃகூபுக்கும் அதுவே நேர்ந்தது. 1984இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம் நாட்டின் நிலம் அனைத்தையும் அரசின் உடைமை என அறிவித்திருந்தது. வாஹிகூயா நகரம் விரிவடைந்தபோது அவரது காட்டின் பகுதிகள் மனைகளாகப் பிரிக்கப்பட்டன. குடும்பத்தாருக்குச் சிறு மனைகளே ஒதுக்கப்பட்டன. 2018இல் ‘மாற்று நோபல்’ எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதும், 2020இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் விருதும் பெற்றவர், தாம் நட்ட மரங்களுக்காகப் பல்லாண்டுகள் மன்றாட வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் நம் இமாம்களின் கருத்து வேறுபாடு சிந்தனைக்குரியது. தரிசை உயிர்ப்பிக்க ஆட்சியாளரின் அனுமதி தேவையில்லை என்பது இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்களின் நிலைப்பாடு. அனுமதி வேண்டும் என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). அவர்களின் மாணவர் அபூயூசுஃப் (ரஹ்) ‘கிதாபுல் கராஜ்’ நூலில் அதற்குக் காரணம் கூறுகிறார்கள்: ஒரே இடத்தை இருவர் விரும்பினால் சச்சரவு எழும், அதைத் தடுக்கவே அனுமதி. அபூயூசுஃப் அவர்களோ அனுமதியின்றியே உரிமை உண்டு என்ற கருத்தினர். பலவீனனைச் சச்சரவிலிருந்து காப்பதற்காக வகுக்கப்பட்டதே அந்த நிபந்தனை. கூர்காவில் போட்டிக்கு வந்தது மற்றொரு விவசாயி அல்லர், அரசே.

2015க்குப் பின் ஆயுதக் குழுக்களின் வன்முறையால் வட புர்கினாவின் சிற்றூர்கள் பல காலியாகி, மக்கள் வாஹிகூயாவில் அகதிகளாகத் தஞ்சமடைந்தனர். மார்க்கத்தின் பெயரால் அக்குழுக்கள் விளைநிலத்தை மீண்டும் தரிசாக்கிய அதே மண்ணில், யஃகூப் 2023 டிசம்பர் 3ஆம் நாள் இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.