சிர் தரியாக் கரை விடுதி

விண்வெளிப் பயண வரலாற்றை எழுதுவோர் ராக்கெட்டையும் ஏவுதளத்தையும் பக்கம் பக்கமாக விவரிப்பார்கள். வீரர்கள் தங்கிய இடம் ஒரு வரியில் முடிந்துவிடும். கஜகஸ்தானின் பைக்கோனூர் நகரில், சிர் தரியா ஆற்றங்கரையோரம் சோவியத் ஆட்சி எழுப்பிய 'காஸ்மோநாட்' விடுதிக்கு அந்த ஒரு வரி போதாது. அதை ஏவுதளத்தின் ஓர் உறுப்பாகவே கணக்கில் கொள்ள வேண்டும் என்பேன். ராக்கெட்டைப் பொருத்திச் சரிபார்க்க ஒரு கூடம் உண்டல்லவா? அதில் ஏறப்போகிற உடம்பைச் சரிபார்க்கும் கூடம் இது.

1961 ஏப்ரல் 12-க்கு முந்தைய இரவை, விண்வெளிக்கு முதன்முதலில் சென்ற ககாரின், ஏவுமேடைக்கு அருகே ஒரு சிறு மர வீட்டில் கழித்தார்; அந்த வீடு இன்று காட்சிக்கூடம். விடுதியோ இன்னும் வேலை செய்கிறது. புறப்பாட்டுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பே வீரர்கள் இங்கே வந்து தனித்திருக்கிறார்கள். செய்தியாளரைச் சந்திப்பதும் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே இருந்துதான். சுழல் நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றுகிறார்கள். சாய்பலகையில் கிடத்தித் தலைப்பக்கம் தாழச் சரிக்கிறார்கள். எடையற்ற நிலையில் இரத்தம் தலைக்கு ஏறும், உட்காதின் சமநிலை குலையும். அதற்கு உடம்பை இங்கேயே பழக்கிவிடுகிறார்கள்.

பறப்பவர் யார் என்பதையே இந்தக் கடைசி நாட்கள் மாற்றிவிடக் கூடும். 1971 ஜூனில் சோயுஸ்-11 புறப்பட மூன்று நாள் இருக்கையில், அதில் பறக்கவிருந்த வீரர் குபாசோவின் நுரையீரலில் மருத்துவர்கள் ஒரு கறையைக் கண்டார்கள். காசநோயோ என்ற ஐயத்தில், குழுவில் இருந்த லியோனோவ் உட்பட மூவரையும் நிறுத்திவிட்டு மாற்றுக் குழுவை அனுப்பினார்கள். தோப்ரோவோல்ஸ்கி, வோல்கோவ், பத்சாயெவ் மூவரும் திரும்பும் வழியில் மாண்டார்கள். குபாசோவோ 1975-இல் அப்பல்லோ-சோயுஸ் பயணத்தில் பறந்தார். அப்படியானால் இந்தச் சோதனையே தீங்கு செய்தது என்று வாதிடலாம். நான் ஏற்கவில்லை. கலத்தின் பகுதிகள் பிரிந்தபோது ஒரு வால்வு திறந்து காற்று வெளியேறியது. அவர்களுக்கு அழுத்த உடையும் இல்லை. யார் போயிருந்தாலும் அந்த வால்வு திறந்திருக்கும். மருத்துவரின் எச்சரிக்கையை எந்திரத்தின் பிழையோடு சேர்த்து எண்ணுவது நியாயமாகாது.

இங்குள்ள சடங்குகளை மூடநம்பிக்கை என்போரும் உண்டு. புறப்படுமுன் 1970-இல் வெளிவந்த 'பாலைவனத்தின் வெண்சூரியன்' படத்தைப் பார்க்கிறார்கள்; அறையை விட்டுக் கிளம்பும் காலையில் கதவில் கையெழுத்திடுகிறார்கள்; முதன்முறை பறப்பவர் மரக்கன்று நடுகிறார். இவை ராக்கெட்டை உயர்த்தா என்பது சரி. ஆனால் சோவியத் விண்பயணத்தின் தொடக்க ஆண்டுகளில் வீரரின் பெயர் ஏவலுக்கு முன் வெளியே சொல்லப்படவில்லை. 'பைக்கோனூர்' என்பதே முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஓர் ஊரிலிருந்து மறைப்புக்காக எடுத்த பெயர். அப்படிப்பட்ட இடத்தில் கதவும் மரமும் பெயரைத் தாங்கி நின்றன. காத்திருப்பவருக்கு அது பெரிய துணை: தனக்கு முன்னே இதே கதவைத் திறந்து போனவர்களை அவர் பெயர் பெயராக வாசிக்கலாம்.

2011 ஜூலையில் அமெரிக்க விண்வெளி ஓடங்கள் ஓய்ந்ததிலிருந்து 2020 மே வரை, சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்ற ஒவ்வொருவரும், எந்த நாட்டவரானாலும், பைக்கோனூரிலிருந்துதான் புறப்பட்டார்கள். விடுதிக்குப் பின்னே, வீரர்கள் நட்ட மரங்களின் சாலை நீள்கிறது. ககாரின் பெயர் கொண்ட மரம் அடி பருத்து நிழல் விரிக்கிறது. போகப் போக மரங்கள் மெலிந்து குட்டையாகின்றன. கோடையில் நாற்பது பாகைக்கு மேல் கொதித்து, குளிர்காலத்தில் உறைநிலைக்கு வெகு கீழே போகும் அந்தப் புல்வெளியில் நீர் பாய்ச்சாமல் எதுவும் தழைக்காது. கடைசியில் நிற்பவை கொம்பு ஊன்றிக் கட்டிய கன்றுகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெயர்ப்பலகை.